சிப்பும் சாக்கெட்டும் – ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

1983இல் வந்த டிஆர்எஸ்-80 மாடல் 100 கணினி ஒன்று என் கைக்கு வந்திருக்கிறது. அதன் அடிப்பக்கத்திலுள்ள ஆப்ஷன் ரோம் சாக்கெட்டில் (கூடுதல் நிரல் கொண்ட சிப்பைச் செருகும் இடம்), நானே நிரல் பதித்த 27சி256 என்ற நினைவகச் சிப்பைப் பொருத்த விரும்புகிறேன். இரண்டுக்கும் 28 கால்கள்தான். சற்று வளைத்து அழுத்தினால் உட்கார்ந்துவிடும் போலிருக்கிறது. செய்யலாமா? இந்தக் காலத்தில் இதற்கு மெனக்கெடுவது வீண் என்கிறார் என் மனைவி. தங்கள் கருத்து?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மனைவியின் கேள்வி உங்கள் வீட்டு விவகாரம்; அதில் நான் தலையிட மாட்டேன். நான்கு பென் பேட்டரியில் 20 மணி நேரம் உழைத்த, பத்திரிகை நிருபர்கள் தோளில் சுமந்து திரிந்த அந்தக் கணினியின் மேல் உங்களுக்கு வந்திருக்கும் ஆசை எனக்கும் உண்டு. அதனால்தான் "சற்று வளைத்து அழுத்தினால்" என்று எழுதியிருப்பதைப் படித்ததும் கோபம் வந்தது.

கால்களின் எண்ணிக்கை ஒத்துப்போனால் போதும் என்று உங்களுக்கு யார் சொன்னது? அந்தச் சாக்கெட்டின் முகவரித் தடங்களும் தரவுத் தடங்களும் 27சி256 சிப்பின் வரிசையில் இல்லை; ஆகவே உங்கள் சிப் உட்கார்ந்தாலும் வேலை செய்யாது. அது சிறிய தவறுதான், தடங்களை மாற்றி இணைக்கும் ஒரு சிறு போர்டால் தீர்ந்துவிடும்.

பெரிய தவறு வேறு. அந்தச் சாக்கெட்டில் கால்கள் இறங்கும் துளைகளே கிடையாது. இருபுறமும் மெல்லிய உலோக வில்கள் வரிசையாக நிற்கும். கேரியர் என்ற பிளாஸ்டிக் தாங்கியைச் சுற்றி மடித்த சிப்பின் கால்கள் அவற்றின்மீது பக்கவாட்டில் உரசியபடி அமரும். நண்பர் ஒருவர் கொண்டுவந்த இயந்திரத்தில், முன்பு வைத்திருந்த எவரோ தடித்த கால்களைத் திணித்ததால், ஓர் ஓரத்து வில்கள் சுவரோடு சுவராகப் படுத்துக்கிடந்ததைப் பூதக்கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். ஊசிமுனையால் நிமிர்த்தினோம், ஒன்று நிமிர்ந்து, மறுநிமிடமே ஒடிந்தது. சிப் வீணானால் இன்னொன்றில் பதித்துக்கொள்ளலாம், போர்டைத் திரும்பவும் அச்சடிக்கலாம், ஆனால் அந்த வில்லை வீட்டில் யாராலும் செய்ய முடியாது. நம் ஆர்வலர்கள் சிப்பைப் பொக்கிஷம்போல் பொத்திவைத்துவிட்டு, சாக்கெட்டைக் கட்டைவிரலால் நசுக்குகிறார்கள். எதைக் காப்பாற்ற வேண்டும் என்ற அடிப்படை அறிவே இல்லாத பழக்கம் இது.

ஆகவே, விளிம்புத் துளைகளைப் பாதியாக வெட்டி உலோகம் பூசிய, கால்களே இல்லாத போர்டைச் செய்துகொள்ளுங்கள். விளிம்பில் வெட்டுப்பிசிறு இருந்தால் வில்லைச் சுரண்டும். நுண்ணிய உப்புத்தாளால், உலோகப்பூச்சு போய்விடாதபடி, தேய்த்துவிடுங்கள். முப்பரிமாண அச்சில் கேரியரும் செய்யுங்கள். அது பொருத்துவதற்கு மட்டுமல்ல, கழற்றுவதற்கும் வேண்டும்; வெறும் போர்டை ஸ்க்ரூடிரைவரால் நெம்பும்போதும் வில்தான் சாகும்.

கோப்புகளை முதலில் வேறிடத்தில் சேமித்து, கணினியை அணைத்து, திசை பார்த்துப் பொருத்துங்கள். பிறகு பேசிக் நிரல்மொழியில் CALL 63012 என்று தட்டுங்கள். திரையின் நிரல் பட்டியலில் புதிய பெயர் வராவிட்டால், தயவுசெய்து இன்னும் கொஞ்சம் அழுத்திப் பார்க்காதீர்கள். கழற்றி, இணைப்புகளை மல்டிமீட்டரால் சோதியுங்கள்.