வாசகர் கேள்வி பதில்: கப் ஜெயிச்ச ரோசெஸ்டர் கிளப் எங்க போச்சு?

கேள்வி: இங்கிலாந்து லெஸ்டர் சிட்டில அப்போ ஆடிட்டிருந்த ஜேமி வார்டி 2021ல அமெரிக்காவுல ஏதோ ஒரு சின்ன ஃபுட்பால் கிளப்ல பங்கு வாங்கினார்னு நியூஸ் வந்துச்சு. அப்புறம் அதப் பத்தி பேச்சே இல்லையே, என்ன ஆச்சு?

பதில்: மூடிட்டாங்க. 2023 மார்ச்ல. நியூயார்க் மாநிலத்துல இருக்குற ரோசெஸ்டர் ரைனோஸ் தான் அந்த கிளப், கடைசியில ரோசெஸ்டர் நியூயார்க் எஃப்சினு பேர மாத்தி ஒரே ஒரு சீசன் ஆடுனாங்க, அதோட சரி. ஆனா "ஏதோ ஒரு சின்ன கிளப்"னு மட்டும் சொல்லாதீங்க, அவங்க பண்ண ஒரு காரியத்த இன்னைக்கு வரைக்கும் வேற யாரும் பண்ணல.

யுஎஸ் ஓபன் கப்ல பெரிய லீக் டீம், கீழ்டிவிஷன் டீம் எல்லாம் ஒண்ணா மோதும். அமெரிக்காவோட மேல்மட்ட லீக்கான எம்எல்எஸ் ஆரம்பிச்ச 1996லயே ரைனோஸ் ஃபைனல் வந்து டிசி யுனைடெட் கிட்ட 3-0ன்னு தோத்தாங்க, அதுதான் கிளப்புக்கே முதல் சீசன். 1999ல திரும்ப வந்தாங்க பாருங்க, சிகாகோ ஃபயர், டல்லாஸ், கொலம்பஸ்னு வரிசையா மூணு எம்எல்எஸ் டீம வீட்டுக்கு அனுப்பிட்டு (இதுல சிகாகோ முந்தின வருஷம் லீக், கப் ரெண்டுமே ஜெயிச்ச டீம்) செப்டம்பர் 14 அன்னைக்கு கொலம்பஸ் ஸ்டேடியத்துல கொலராடோ ராப்பிட்ஸ் கூட ஃபைனல். ஃபர்ஸ்ட் ஹாஃப்ல கோலே இல்ல. செகண்ட் ஹாஃப்ல டக் மில்லர் ஒண்ணு போட்டார், ஆட்டம் முடியுற நேரத்துல யாரி ஆல்நட் இன்னொண்ணு, 2-0. எம்எல்எஸ் டீம்கள் இந்தப் போட்டிக்குள்ள வந்ததுக்கு அப்புறம் கப் தூக்குன ஒரே கீழ்டிவிஷன் கிளப் இவங்கதான்.

கேள்வி: அவ்வளவு நல்ல டீம்னா மேல் லீக்குக்கு போயிருக்கணுமே?

பதில்: இங்கதான் எனக்கு மனசு ஆறவே மாட்டேங்குது. அமெரிக்காவுல ஜெயிச்சா ப்ரமோஷன் கிடையாது, எம்எல்எஸ்ல இடம் வேணும்னா காசு கட்டித்தான் வாங்கணும். 1998, 2000, 2001னு ஏ-லீக் (அப்போ எம்எல்எஸ்ஸுக்கு அடுத்த லீக்) சாம்பியன் ஆனாங்க, ஒரு பேஸ்பால் கிரவுண்ட்ல ஆடியே மேட்சுக்கு சராசரியா பத்தாயிரம் பேருக்கு மேல கூட்டம் வந்துச்சு, அதே 1999ல எம்எல்எஸ்ல இருந்த கான்சாஸ் சிட்டிக்கே அவ்வளவு வரல. சொந்த ஸ்டேடியம் கட்டினா கூப்பிடுவாங்கன்னு நம்பி 2006ல கட்டியும் முடிச்சாங்க, யாரும் கூப்பிடல, 2008ல பணம் இல்லாம ஓனர் கை மாறுச்சு. 2005ல டொரன்டோ 1 கோடி டாலருக்கு வாங்குன அதே இடத்துக்கு 2023ல சான் டியேகோ 50 கோடி டாலர் கட்டுச்சு, ரோசெஸ்டர் கேமரா ஃபிலிம் கோடாக் கம்பெனியே நொடிச்சுப்போன ஊரு, அந்தப் பணத்துக்கு எங்க போகும்?

2015ல லீக் சுற்றுல ஒரே ஒரு மேட்ச் மட்டும் தோத்து யுஎஸ்எல் (எம்எல்எஸ்ஸுக்குக் கீழ இருக்குற லீக்) சாம்பியன் ஆனாங்க. 2017 சீசன் முடிஞ்சதும் ஆட்டத்தையே நிறுத்திட்டாங்க. வார்டி வந்தப்புறம் 2022ல ஆடுனது எம்எல்எஸ் நெக்ஸ்ட் ப்ரோங்கற கீழ்மட்ட லீக்ல, மத்த டீம் எல்லாம் பெரிய கிளப்போட ரிசர்வ் டீம், இவங்க மட்டும் தனி. இங்கிலாந்துல நான்-லீக்னு சொல்ற அடிமட்ட டிவிஷன்கள்ல இருந்து படிப்படியா ஏறி 2016ல பிரீமியர் லீக் ஜெயிச்ச மனுஷன் அவர், அவர் ஏறுன படி இந்த ஊர்ல இல்லவே இல்ல.

கேள்வி: இனிமே இப்படி ஒரு டீம் ஜெயிக்குமா?

பதில்: கப் ஜெயிக்க வாய்ப்பு இருக்கு, 2022ல சாக்ரமென்டோ ரிபப்ளிக் ஃபைனல் வரைக்கும் வந்து ஆர்லாண்டோ கிட்ட 3-0 தோத்துச்சு. அதவிட முக்கியம், யுஎஸ்எல் கிளப் ஓனர்கள் 2025 மார்ச்ல ப்ரமோஷன், ரெலகேஷன் (ஜெயிச்சா மேல் டிவிஷன், தோத்தா கீழ் டிவிஷன்) கொண்டு வரலாம்னு ஓட்டு போட்டிருக்காங்க. எம்எல்எஸ் அதுல இல்ல, யுஎஸ்எல் டிவிஷன்களுக்குள்ள மட்டும்தான்.