மளிகைக் கடைக்குப் பின்னால் ஒரு கச்சேரி

கேள்வி: அமெரிக்காவின் சியாட்டில் பக்கத்து கிரஞ்ச் என்ற ராக் இசை பற்றிப் போன இதழில் உருகி உருகி எழுதியிருந்தீர்கள். இருபது வயதில் ஏதோ ஒரு இரைச்சலுக்குத் தலையை ஆட்டியதை வைத்துக்கொண்டு ஐம்பது வயதில் படம் எடுப்பது, புத்தகம் போடுவது எல்லாம் பழைய ஞாபக வியாபாரம்தானே? (ஒரு வாசகர், மதுரை)

பதில்: வியாபாரம் என்ற சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. 1983இல் நடந்த ஒன்றைச் சொல்கிறேன், கேளுங்கள்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் மாண்டிசேனோ என்று ஒரு சிற்றூர். சுற்றிலும் மரம் வெட்டிப் பிழைக்கும் ஊர்கள். அங்கே திரிஃப்ட்வே என்ற கடையில் சாமான்களைக் கட்டிக்கொடுக்கும் பையன் ஒருவன், கடைப் பக்கம் சுற்றிக்கொண்டிருந்த ஒரு 16 வயதுக்காரனிடம் துண்டுச் சீட்டு ஒன்றை நீட்டுகிறான். நாளை இரவு, கடைக்குப் பின்னால் கார் நிறுத்தும் இடத்தில் ராக் இசை, இலவசம். சீட்டை வாங்கியவன் கர்ட் கோபேன், பின்னாளில் நிர்வானா என்ற கிரஞ்ச் குழுவின் பாடகனாக உலகப் புகழ் பெற்றவன். வாசித்தவர்கள் மெல்வின்ஸ் என்ற உள்ளூர்க் குழு. நண்பர்களோடு வேனில் போய் இறங்கினான். இவ்வளவு வேகமாக ஒருவரால் இசைக்க முடியுமா என்று அசந்துபோனான். தான் தேடிக்கொண்டிருந்தது இதைத்தான் என்று பின்னால் தன் குறிப்பேட்டில் எழுதி வைத்தான்.

அந்தக் குறிப்பில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொரு வரி. கூட வந்த நண்பர்களுக்கு இசை பிடிக்கவில்லை. அப்போது பிரபலமாக இருந்த டெஃப் லெப்பர்ட் என்ற ராக் குழுவின் பாட்டு ஏதாவது வாசியுங்கள் என்று கத்திக்கொண்டே இருந்தார்களாம். ஒரே வேனில் வந்தவர்கள், ஒரே தரையில் நின்றவர்கள், ஒரே சத்தத்தைக் கேட்டவர்கள். ஒருவனுக்குத்தான் உயிர்வரை போனது. நீங்கள் இரைச்சல் என்று சொல்வதை அன்றைக்கே சொன்னவர்கள் அவன் பக்கத்திலேயே நின்றிருந்தார்கள்.

பெரிய அரங்கில், பத்தாயிரம் பேருக்கு நடுவில், எங்கோ தூரத்து மேடையில் ஒரு நட்சத்திரத்தைப் பார்த்துவிட்டு வந்தால் பிரமிப்பு வரும். பிரமிப்பு நம்மை ரசிகனாக்கும், அவ்வளவுதான். மளிகைக் கடை வாசலில் தினமும் பார்க்கிற பையன்கள் நாலடி தூரத்தில் கிட்டாரை மாட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் வருவது அனுமதி. 'இவனே செய்கிறான், நான் ஏன் செய்யக் கூடாது?' கிரஞ்சில் வந்த அத்தனைக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஞாபகத்தில் கலப்படம் உண்டா என்று கேட்டால், உண்டு. தான் முதலில் பார்த்த கச்சேரி பிளாக் ஃபிளாக் என்ற பங்க் குழுவுடையது என்று கோபேன் பேட்டிகளில் சொன்னார். அதற்கு முன்பே சியாட்டிலில் ஒரு பெரிய அரங்கில் ராக் பாடகர் சாமி ஹேகரின் கச்சேரிக்குப் போயிருந்தார் என்பதை அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதியவர்கள் கண்டுபிடித்தார்கள். இதைப் பொய் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. எந்தக் கச்சேரி தன்னை உருவாக்கியதோ அதை முன்னால் எடுத்து வைத்தார். படைப்பாளியின் ஞாபகம் அப்படித்தான் வேலை செய்யும். தேதி பார்த்து அடுக்காது.

சார்லஸ் பீட்டர்சனின் புகைப்படங்களைப் பாருங்கள். 1980களில் சியாட்டிலின் சிறு கிளப்களில் கூட்டத்துக்குள்ளேயே நின்று எடுத்தவர். ஷட்டரை மெதுவாக்கி, ஃபிளாஷ் அடித்து எடுப்பார். அதனால் ஒரு முகம் மட்டும் கத்தி வைத்ததுபோல் தெளிவாக இருக்கும். சுற்றியுள்ள விளக்கெல்லாம் கோடு கோடாக இழுபட்டிருக்கும். பல படங்களில் பாடகரின் முகமே தெரியாது, தலைமுடிதான். மேடை எது, கூட்டம் எது என்று பிரிக்க முடியாது. அந்தப் படங்கள் 1995இலும் 2003இலும் நூல்களாக வந்தன. இதைத்தானே வியாபாரம் என்கிறீர்கள்? இடிபட்டு, வியர்வையில் நனைந்து, லென்ஸைத் துடைத்துக்கொண்டு நின்ற ஒருவர் அந்த நேரத்தை இருபது வருடம் பத்திரமாக வைத்திருந்து நம் கையில் கொடுத்திருக்கிறார். நான் சியாட்டிலைப் பார்த்ததில்லை. கேசட்டில் மட்டும் கேட்டவன். அந்தப் படங்களைப் பார்த்தபோதுதான் கேசட்டில் கேட்டது எந்த அறையில் பிறந்த சத்தம் என்று எனக்குப் புரிந்தது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 1988 ஜனவரியில் கோபேனின் நிர்வானா குழு சியாட்டிலில் ஜாக் எண்டினோ என்ற ஒலிப்பதிவாளரிடம் தன் முதல் ஒலிப்பதிவைச் செய்தபோது டிரம்ஸ் வாசித்தவர் மெல்வின்ஸ் குழுவின் டேல் குரோவர். அந்தப் பதிவில் சில, அடுத்த வருடம் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்திலும் இருக்கின்றன. 1993இல், உலகமே தன்னைத் துரத்திக்கொண்டிருந்த நாளில், மெல்வின்ஸின் ஆல்பம் ஒன்றுக்குத் தயாரிப்பாளராகக் கோபேனின் பெயர் அச்சாகி வந்தது. துண்டுச் சீட்டை வாங்கிச் சரியாகப் பத்து வருடம் ஆகியிருந்தது.