மழையில் கிடைத்த பூனைக்குட்டி, கையில் 800 ரூபாய்: எதை முதலில் செய்வது?

கேள்வி: "பாளையங்கோட்டையில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறேன். முந்தாநாள் மழையில் ஒரு பைக்குக்கு அடியில் நனைந்து கிடந்த பூனைக்குட்டியை வீட்டுக்குக் கொண்டு வந்தேன். ஒரு கண் முழுக்க ஒட்டிக்கிடக்கிறது, இன்னொன்றில் சீழ். தும்மிக்கொண்டே இருக்கிறது. வயிறு மட்டும் உப்பி, மற்றபடி எலும்பும் தோலும்தான். பசும்பால் வைத்தேன், கொஞ்சம் குடித்தது, அப்புறம் தண்ணியாகப் போகிறது. நேற்று சாயங்காலத்திலிருந்து எதையும் தொடவில்லை. பக்கத்து வீட்டு அக்கா காய்ச்சல் மாத்திரையில் கால்வாசி கொடுக்கச் சொல்கிறார். சம்பளத்துக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது, கையில் 800 ரூபாய்தான். என்ன செய்யட்டும் டாக்டர்?"

அந்த மாத்திரையைக் கொடுக்காதீர்கள். மற்றதையெல்லாம் பிறகு படிக்கலாம், முதலில் அதை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். நமக்குக் காய்ச்சலைக் குறைக்கிற பாராசிட்டமாலை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. அது நஞ்சாக மாறி இரத்தத்தின் சிவப்பணுக்களைத் தாக்கும், அப்புறம் அந்த இரத்தத்தால் ஆக்சிஜனைச் சுமக்க முடியாது. கால் மாத்திரை போதும், இந்த அளவுக் குட்டியைக் கொன்றுவிடும். சில வருடங்களுக்கு முன் ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் செருப்புப் பெட்டியில் வைத்து ஒரு குட்டியைக் கொண்டு வந்தான். முந்தின இரவு வீட்டில் யாரோ கால் மாத்திரையைப் பொடித்துப் பாலில் கலந்து கொடுத்திருக்கிறார்கள். வாயைத் திறந்து பார்த்தேன், இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய ஈறும் நாக்கும் டிக்காஷன் நிறத்தில் இருந்தன. முகம் வீங்கியிருந்தது. மதியத்துக்குள் போய்விட்டது. அதற்கு வந்திருந்தது வெறும் சளி. ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் எல்லாவற்றுக்கும் இதே எச்சரிக்கைதான். அக்கா நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், அவரிடமும் இதைச் சொல்லிவிடுங்கள், நாளைக்கு வேறு யாருக்காவது சொல்லாமல் இருப்பார்.

இப்போது காசு விஷயம். பணம் குறைவாக இருக்கிறவர்கள் பெரும்பாலும் "இரண்டு நாள் பார்ப்போம், சரியாகவில்லை என்றால் டாக்டரிடம் போகலாம்" என்று நினைக்கிறார்கள், அது இயல்புதான். ஆனால் செலவு கூடுவது அந்த இரண்டு நாளில்தான். முதல் நாள் வந்தால் ஒரு ஊசி, ஒரு சொட்டு மருந்து, ஒரு குடற்புழு மருந்தோடு முடிகிற குட்டி, மூன்றாம் நாள் சில்லிட்டுப் போய் வரும்போது குளூக்கோஸ் ஏற்ற வேண்டும், கூடவே உட்கார்ந்திருக்க வேண்டும், அதற்குப் பிறகும் பிழைக்குமா என்று சொல்ல முடியாது. உங்களிடம் 800 ரூபாய்தான் இருக்கிறது என்பதாலேயே இன்றே போக வேண்டும் என்கிறேன். அதிலும் இந்தக் குட்டி நேற்றிலிருந்து சாப்பிடவில்லை. பெரிய பூனை ஒரு நாள் பட்டினி கிடந்தால் தாங்கும், இந்த வயதுக் குட்டியின் உடம்பில் சேமிப்பு என்று எதுவும் கிடையாது.

எங்கே போவது? உங்களுக்குப் பக்கத்திலேயே ராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அதன் மருத்துவமனையில் நாய், பூனையெல்லாம் பார்ப்பார்கள். தனியார் கிளினிக்கைவிடச் செலவு மிகக் குறைவு. காலையிலேயே போய்விடுங்கள். அவ்வளவு தூரம் போக முடியாவிட்டால் உங்கள் பகுதி அரசு கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள். அங்கே ஆடு மாடுதான் அதிகம் வரும், பூனைக்கான மருந்து எல்லாம் கையிருப்பில் இருக்காது, ஆனாலும் பார்த்து எழுதித் தருவார்கள். மற்ற ஊர்க்காரர்களுக்கு: சென்னையில் வேப்பேரி, அப்புறம் நாமக்கல், ஒரத்தநாடு ஆகிய இடங்களிலும் இதேபோல் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. போனதும் "தெருவில் எடுத்த குட்டி, என்னிடம் இவ்வளவுதான் இருக்கிறது" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. தொகை தெரிந்தால் எந்தப் பரிசோதனை அவசியம், எதைத் தள்ளிப்போடலாம் என்று மருத்துவர் அதற்குள் யோசிப்பார்.

கிளம்புவதற்கு முன் வீட்டில் செய்ய வேண்டியது. குட்டியின் பாதத்தையும் காதையும் தொட்டுப் பாருங்கள், உள்ளங்கையில் ஜில்லென்று பட்டால் அதற்கு எதையும் ஊட்டாதீர்கள். சில்லிட்ட உடம்பில் குடல் வேலை செய்யாது, ஊட்டியது அப்படியே நிற்கும், அல்லது நுரையீரலுக்குள் போய்விடும். நம் ஊர் வெயிலுக்குக் குட்டி எப்படிக் குளிரும் என்று கேட்பவர்கள் உண்டு, நனைந்த ரோமத்தோடு சிமெண்ட் தரையில் மின்விசிறிக்குக் கீழே ஒரு மணி நேரம் கிடந்தால் போதும். தண்ணீர் பாட்டிலில் வெந்நீர் நிரப்பி மூடி, பழைய துண்டில் சுற்றி, அட்டைப்பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வையுங்கள். சூடு அதிகமானால் குட்டி மறுபக்கம் நகர்ந்துகொள்ள இடம் வேண்டும். ஹேர் டிரையரும் வேண்டாம், வெயிலில் காய வைப்பதும் வேண்டாம், மெதுவாகத்தான் சூடேற வேண்டும். துவண்டு கிடந்தால் சர்க்கரைத் தண்ணீரை விரலில் தொட்டு இரண்டு சொட்டு ஈறில் தடவுங்கள், குடிக்க வைக்க முயல வேண்டாம், அப்படியே தூக்கிக்கொண்டு கிளம்புங்கள்.

உடம்பு சூடாகி, தலையை நிமிர்த்திப் பார்க்கிறது என்றால் அடுத்தது தண்ணீர். பேதி போகிற குட்டி நீர் வற்றித்தான் சாகும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓஆர்எஸ் பொட்டலம் இலவசமாகவே கிடைக்கும். ஒரு பொட்டலத்தை ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் முழுதாகக் கரைக்க வேண்டும். "கொஞ்சம்தானே வேண்டும்" என்று ஒரு டம்ளரில் கண்ணளவாகப் போட்டால் உப்பு கூடிவிடும். மருந்துக்கடையில் 5 மில்லி சிரிஞ்சு ஒன்று வாங்கி ஊசியைத் தூக்கிப் போடுங்கள். குட்டி நான்கு காலில் நிற்கிற மாதிரியே இருக்கட்டும், குழந்தையைப் போல மல்லாக்கப் படுக்க வைத்து ஊட்டவே கூடாது. உதட்டோரத்தில், பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவில் சிரிஞ்சை நுழைத்து அரை மில்லி விடுங்கள், விழுங்குகிறதா பாருங்கள், அப்புறம் அடுத்த அரை மில்லி. இப்படி இரண்டு மூன்று மில்லி, அரை மணிக்கு ஒரு தடவை. பசும்பாலை இத்தோடு நிறுத்திவிடுங்கள், பேதிக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கண்ணுக்கு வருவோம். கொதித்து ஆறிய வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்து, ஒட்டிய கண்மேல் ஒரு நிமிடம் அப்படியே வைத்திருங்கள். தேய்க்க வேண்டாம். காய்ந்த சீழ் ஊறி வெல்லப்பாகு போல இளகும், அப்போது மூக்கோரத்திலிருந்து வெளிப்பக்கமாக ஒரே இழுப்பில் துடையுங்கள். அந்தப் பஞ்சு முடிந்தது, இன்னொரு கண்ணுக்கு வேறு பஞ்சு. நாலைந்து தடவையில் இமை தானாகப் பிரியும். உள்ளே கண் தெளிவாக இருந்தால் நல்லது, நீலம் பூத்தோ வெள்ளைப் புள்ளியோடோ இருந்தால் கருவிழியில் புண் இருக்கலாம், மருத்துவரிடம் அதைக் காட்டிக் கேளுங்கள். மருந்துக்கடையில் நீங்களாகக் கண் சொட்டு மருந்து கேட்டு வாங்காதீர்கள். கேட்டால் பல சமயம் ஸ்டீராய்டு கலந்த சொட்டைத்தான் தருவார்கள், லேபிளில் டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன் என்று போட்டிருக்கும். பூனைச் சளிக்குப் பெரும்பாலும் காரணம் ஹெர்பிஸ் வைரஸ், அது உண்டாக்கிய புண்ணில் ஸ்டீராய்டு பட்டால் கண்ணே போய்விடலாம். வெறும் ஆன்டிபயாட்டிக் சொட்டுக்கும் விலை அதிகமில்லை.

மூக்கடைப்பைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். பூனை மோப்பம் பிடித்துத்தான் சாப்பிடும், வாசம் தெரியாவிட்டால் தட்டில் எதை வைத்தாலும் திரும்பிப் பார்க்காது. குளியலறையில் ஒரு வாளி கொதிநீரை வைத்துக் கதவைச் சாத்தி, குட்டியை மடியில் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் உட்காருங்கள். அந்தத் தண்ணீரில் தைலமோ கற்பூரமோ நீலகிரி எண்ணெயோ சேர்த்துவிடாதீர்கள், பூனைக்கு இவையெல்லாம் விஷம். ஆவி பிடித்த கையோடு மூக்கைத் துடைத்துவிட்டு உணவைக் காட்டினால் சாப்பிட வாய்ப்பு அதிகம்.

என்ன உணவு? வாயைத் திறந்து பாருங்கள். பக்கவாட்டில் கடைவாய்ப் பல் முளைத்திருந்தால் ஐந்து வாரம் தாண்டிவிட்டது, கறி சாப்பிடும். முன்பல் மட்டும் இருந்தால் மூன்று நான்கு வாரம்தான், அதற்குப் பூனைக்குட்டிக்கான பால் பவுடர் வேண்டும், அது விலை அதிகம், அந்த வயதில் அதில் மட்டும் சிக்கனம் பார்க்க முடியாது. கறி சாப்பிடும் குட்டி என்றே எடுத்துக்கொள்கிறேன். கோழிக்கறியை உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் போடாமல் வேகவைத்து, வெந்த தண்ணீரோடு சேர்த்து மிக்ஸியில் கூழாக அடியுங்கள். ஒரு நாளைக்கு வெந்த கறி 50, 60 கிராம் போதும், அதை ஐந்தாறு வேளையாகப் பிரித்து, ஒவ்வொரு முறையும் வெதுவெதுப்பாக்கிக் கொடுங்கள், சூட்டில்தான் வாசம் கிளம்பும். சாளை மலிவாகக் கிடைக்கிற நாளில் வேகவைத்து முள்ளெடுத்துக் கொஞ்சம் கலக்கலாம். கருவாடு வேண்டாம், அவ்வளவும் உப்பு. பால்சோறும் தயிர்சோறும் போட்டுப் பூனை வளர்த்த வீடுகள் நம்மிடம் நிறைய உண்டு. அந்தப் பூனைகள் எலியும் ஓணானும் பிடித்து மீதியைச் சரிக்கட்டிக்கொண்டன, பெட்டிக்குள் இருக்கிற குட்டிக்கு அந்த வழி கிடையாது.

ஆனால் வெறும் எலும்பில்லாக் கறியிலேயே மாதக்கணக்கில் வளர்க்காதீர்கள். கறியில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு, குட்டி தன் எலும்பிலிருந்தே அதை எடுத்துக்கொள்ளும், ஒரு நாள் நாற்காலியிலிருந்து குதித்ததும் கால் முறியும். அப்படி வந்த குட்டிகளுக்குக் கட்டுப் போட்டிருக்கிறேன். சம்பளம் வந்ததும் குட்டிகளுக்கான உலர் தீவனம் சின்னப் பாக்கெட்டாக வாங்கி, வெந்நீரில் ஊறவைத்துக் கறியோடு கலந்து பழக்குங்கள்.

மருத்துவமனையில் நீங்களாகக் கேட்க வேண்டியவை இரண்டு. ஒன்று, தோலுக்கடியில் திரவம் ஏற்ற முடியுமா என்பது. பிடரித் தோலைத் தூக்கி அதற்கடியில் சலைன் விடுவார்கள், ஒரு சின்ன மேடு போலத் தெரியும், சில மணி நேரத்தில் உடம்பு உறிஞ்சிக்கொள்ளும். குறைந்த செலவில் இவ்வளவு பலன் தருகிற சிகிச்சை வேறு அதிகம் இல்லை. இரண்டு, குடற்புழு மருந்து. அந்த உப்பிய வயிறு அநேகமாக நாக்குப்பூச்சிதான், தாய்ப்பாலிலேயே வந்துவிடும். இன்றைக்கே கொடுப்பதா, கொஞ்சம் தேறிய பிறகா என்பதை மருத்துவர் சொல்வார். இரண்டு வாரம் கழித்து மறுபடி கொடுக்க வேண்டும், அதை மறந்துவிடாதீர்கள். டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரை எழுதினால், கொடுத்த உடனே சிரிஞ்சில் இரண்டு மூன்று மில்லி தண்ணீர் விடுங்கள், அது உணவுக்குழாயில் ஒட்டினால் புண்ணாகிக் குழாயே சுருங்கிவிடும்.

உண்ணி, தெள்ளுப்பூச்சி இருந்தால் சீப்பால் வாரி எடுங்கள். நாய்க்கு முதுகில் விடுகிற சொட்டு மருந்து பலவற்றில் பெர்மெத்ரின் இருக்கும், அது பூனைக்கு வலிப்பை வரவழைக்கும். வேப்பெண்ணெயும் வேண்டாம், உடம்பில் தடவியதையெல்லாம் பூனை நக்கிவிடும்.

எதற்குச் செலவு செய்ய வேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறேன். வைட்டமின் டானிக், ஷாம்பு, கழுத்துப்பட்டை, பூனை மண் ஆகிய எதுவும் இப்போது தேவையில்லை. பழைய பிளாஸ்டிக் டப்பாவில் மணலோ கிழித்த செய்தித்தாளோ போட்டால் குட்டி அதிலேயே போகப் பழகிவிடும். எடை இயந்திரம் வாங்க வேண்டாம், பக்கத்து மளிகைக்கடை மின்னணுத் தராசில் மூடி இல்லாத டப்பாவில் வைத்துத் தினமும் ஒரே நேரத்தில் நிறுத்துக் குறித்து வையுங்கள். எல்லாக் கடைக்காரர்களும் அனுமதிப்பார்கள் என்று சொல்லமாட்டேன், பெரும்பாலானவர்கள் இரண்டாம் நாளிலிருந்து அவர்களே "இன்னைக்கு எவ்வளவு?" என்று கேட்பார்கள். நாளுக்குப் பத்து கிராம் ஏறினால் சரியான பாதையில் போகிறீர்கள். இரண்டு நாள் தொடர்ந்து குறைந்தால் திரும்பக் கூட்டிப்போங்கள்.

ஈறு வெளுத்துக் காகிதம் போல இருந்தாலோ, வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, மஞ்சள் நுரையாக வாந்தி எடுத்தாலோ, பேதியில் இரத்தம் வந்தாலோ, தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் தலையைத் தொங்கப் போட்டுக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தாலோ மறுநாள் காலைக்காகக் காத்திருக்காதீர்கள். கடைசி மூன்றும் பேன்லூக்கோபீனியா என்ற வைரஸ் நோயாக இருக்கலாம், ஒரே நாளில் கொண்டுபோய்விடும். வீட்டில் வேறு பூனை இருந்தால் இந்தக் குட்டியைத் தனி அறையில்தான் வைக்க வேண்டும், கிண்ணமும் துணியும் தனி.

நீங்களும் பத்திரமாக இருங்கள். குட்டிதானே என்று விடாதீர்கள். கடித்தாலோ, நகம் பட்டுக் கீறினாலோ, சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் ரேபிஸ் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள், அங்கே இலவசம். ஒரு ஊசியோடு நிறுத்தாமல் அவர்கள் சொல்கிற எல்லாத் தேதிக்கும் போக வேண்டும். கையில் வட்டமாகப் படை வந்தால் அது குட்டியிடமிருந்து வந்ததாக இருக்கலாம், களிம்பு போட்டால் போய்விடும்.

குட்டிக்கான தடுப்பூசியெல்லாம் எட்டு வாரம் ஆகி, நோய் குணமான பிறகு, அதற்கு இப்போதே மாதம் கொஞ்சம் எடுத்து வையுங்கள். வெந்நீர் பாட்டில், துணி, பெட்டி, இன்றே ராமையன்பட்டி, இன்று நேரம் தாண்டிவிட்டால் நாளைக் காலையில் முதல் ஆளாக. ஒரு வாரம் எடையைக் குறித்து எனக்கு எழுதுங்கள், கண் திறந்ததும் ஒரு படமும் அனுப்புங்கள், கருவிழியைப் பார்த்துவிட்டுச் சொட்டு மருந்தை எத்தனை நாள் தொடர்வது என்பது பற்றி உங்கள் மருத்துவரிடம் என்ன கேட்கலாம் எனச் சொல்கிறேன்.