44 வயதில் மில் வேலை போனால், சேலத்தில் அடுத்த வேலை எப்படித் தேடுவது?

ஸ்பின்னிங் மில்லில் 18 வருடம் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர், இப்போது ஆலை மூடல், எங்கே போனாலும் "வயசாயிடுச்சு" என்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

வயதைவிடச் சம்பளம்தான் பெரும்பாலும் தடை. உங்கள் பழைய சம்பளத்தில் இரண்டு இளைஞர்களை வைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். அதை உடைக்க, ரெஸ்யூமேயில் "மெயின்டனன்ஸ் பார்த்தேன்" என்று எழுதாதீர்கள். "1,008 ஸ்பிண்டில் ரிங் ஃபிரேம் 12, பேரிங் மாற்றும் அட்டவணை, இன்வெர்ட்டர் டிரைவ் கோளாறு, ஏர் கம்ப்ரஸர்" என்று உங்கள் நிஜ எண்ணிக்கையோடு எழுதுங்கள். மோட்டாரும் பேரிங்கும் ஜவ்வரிசி ஆலையிலும் உண்டு, உருக்காலையிலும் உண்டு. மில்களை மட்டும் தேடுவது பெரிய தவறு. ஓசூர் வேலை என்றால் இரண்டு வீட்டுச் செலவைக் கழித்துவிட்டுச் சம்பளத்தைப் பாருங்கள்.

வேலை முடியும்போது ஆலை தர வேண்டிய பணிக்கொடையை (கிராஜுவிட்டி) விட்டுவிடாதீர்கள். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 26,000 என்றால், அதை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, 18 வருடத்தால் பெருக்கினால் 2,70,000 ரூபாய். தேடும் மாதங்களுக்கு அதுவே அரிசி, பருப்பு.

பி.எஃப். தளத்தில் விலகிய தேதி ஏறியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். ஆலை ஏற்றாவிட்டால், கடைசிச் சந்தாவுக்கு இரண்டு மாதம் கழித்து நீங்களே பதியலாம். அது இல்லாமல் புது வேலைக்குக் கணக்கை மாற்றும்போது சிக்கும்.