இருபது வருடப் படங்களைத் திகதிவாரியாக அடுக்க ஒரு ஸ்கிரிப்ட் காணுமா?

நான்கு ஹார்ட் டிஸ்க், இரண்டு பழைய போன், ஒரு கூகிள் கணக்கு, எல்லாம் சேர்த்து அறுபதாயிரம் படம் இருக்கிறது, வருடம் மாதம் என்று பிரித்துப் போட ஒரு ஸ்கிரிப்ட் (கணினிக்கு ஒரு சின்ன நிரல்) எழுதினால் வேலை முடிந்துவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஸ்கிரிப்ட் எழுதுவது ஒரு பின்னேர வேலைதான். எனக்கு அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் போனது, ஏனென்றால் ஒரு படத்துக்கு நாலைந்து திகதி இருக்கும், அதில் எதை நம்புவது என்பதை ஸ்கிரிப்ட் சொல்லாது, நாங்கள்தான் அதற்குச் சொல்ல வேண்டும்.

அதற்கு முதல் என்னுடைய முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். 2022 மார்ச் கடைசியில், இலங்கையில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய அந்தக் கிழமையில், வெள்ளவத்தை வீட்டில் யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டொப்பில் வெட்டு அட்டவணையைப் பார்த்து நேரம் கணக்குப் பண்ணி ஸ்கிரிப்டை ஓட்டினேன். அட்டவணைக்கு முந்தியே கரண்ட் போனது. ஸ்கிரிப்ட் அப்போது படங்களை ஒரு டிஸ்க்கிலிருந்து இன்னொன்றுக்கு மூவ் பண்ணிக்கொண்டிருந்தது. டிஸ்க் மாறும்போது மூவ் என்பது கொப்பி எடுத்துவிட்டுப் பழையதை அழிப்பதுதான். புதியது மெமரியிலிருந்து டிஸ்க்கில் முழுதாக இறங்க முன்னமே பழையது அழிந்துவிட்டது. பதினேழு படங்களில் மேல்பாதி முகம், கீழ்ப்பாதி சாம்பல்.

ஆகவே மூவ் என்ற சொல்லையே ஸ்கிரிப்டில் வைக்காதீர்கள். கொப்பி எடுங்கள், இரண்டு பக்கமும் எஸ்எச்ஏ-256 என்ற ஹாஷ் (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து வரும் கைரேகை மாதிரி ஒரு எண்) கணக்குப் பார்த்து ஒத்துப்போகிறதா என்று பாருங்கள், பழைய டிஸ்க்கை வாசிக்க மட்டும் முடிகிற மாதிரி ரீட்-ஒன்லியாக மாட்டுங்கள். பழைய பாதை, புதிய பாதை, எந்தத் திகதியை எங்கிருந்து எடுத்தேன் என்பது, இந்த மூன்றையும் படத்துக்கு ஒரு வரியாக ஒரு சிஎஸ்வி ஃபைலில் (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) எழுதிக்கொண்டே போகட்டும். பாதியில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பழைய ஃபோல்டர் பெயரும் அதில் தப்பிவிடும். "அக்கா கலியாணம் - மாமியின் கமரா" என்று யாரோ அன்றைக்கு எழுதி வைத்த பெயரில் இருக்கும் தகவல் அந்தப் படத்துக்குள்ளேயே இல்லாமல் இருக்கலாம், திகதி வந்ததும் அதைத் தூக்கி எறிகிற ஸ்கிரிப்ட் நல்ல ஸ்கிரிப்ட் இல்லை.

கமரா படத்துக்குள்ளேயே எழுதி வைக்கும் திகதி, மொடல் போன்ற எக்சிஃப் தகவலை வாசிக்க நீங்களே கோட் எழுதத் தேவையில்லை. பில் ஹார்வி 2003 இலிருந்து எழுதிவரும் எக்சிஃப்டூல் இலவசம், நான் போட்டுப் பார்த்த எல்லாக் கமராப் படமும் வாசிக்கிறது. ஆனால் ஸ்கிரிப்ட் எழுதும் பைதான் மொழியிலிருந்து ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியாக அதைக் கூப்பிடாதீர்கள், அது ஒவ்வொரு தடவையும் புதிதாக எழும்பி வர நேரம் எடுக்கும், அறுபதாயிரம் தடவை என்றால் விடிந்துவிடும். முழு ஃபோல்டரையும் ஒரே தடவையில் கொடுத்து, எல்லாத் திகதியையும் ஒரு ஜேசன் ஃபைலாக (தகவலைப் பெயரும் மதிப்புமாக எழுதிய எழுத்து ஃபைல்) வாங்கி, அப்புறம் பைதானில் முடிவெடுங்கள்.

சரி, எதை நம்புவது? டேட்டைம் ஒரிஜினல் என்பது ஷட்டர் விழுந்த நேரம், அது இருந்தால் அதுதான் முதல். கிரியேட் டேட் என்பது டிஜிட்டலாக மாறிய நேரம். டிஜிட்டல் கமராவில் இரண்டும் ஒன்றாகவே இருக்கும், ஸ்கேன் பண்ணிய படத்தில் மட்டும் அது ஸ்கேனர் ஓடிய நாளாக இருக்கும். கடைசியாகத் திருத்திய நேரமான மொடிஃபை டேட்டைத் தொடவே வேண்டாம். கடைசியாக, விண்டோஸோ லினக்ஸோ காட்டும் ஃபைல் திகதி, எக்சிஃப் இல்லாவிட்டால் அதை எடுத்துக்கொள் என்றுதான் நானும் முதலில் எழுதியிருந்தேன். 2011 ஆகஸ்டில் ஆறாயிரம் படம் போய் விழுந்தது. என்னவென்று பார்த்தால், அந்த மாதம் நான் பழைய டிஸ்க்கைப் புதியதற்குக் கொப்பி எடுத்திருக்கிறேன், அவ்வளவுதான். 2009 இல் போய்விட்ட அம்மம்மா 2011 ஆகஸ்டில் விறாந்தையில் இருந்து சிரித்துக்கொண்டிருந்தார். அன்றைக்கே அந்த வரியை அழித்துவிட்டு, நம்பகமான திகதி கிடைக்காதவற்றை "திகதி தெரியாதவை" என்ற ஃபோல்டரில் போடு என்று மாற்றினேன்.

வட்ஸ்அப் படங்களைக் கலக்காதீர்கள். அது எக்சிஃபை உரித்துவிட்டுத்தான் அனுப்பும். பெயரில் எட்டு இலக்கத்தில் ஒரு திகதியும் பின்னால் டபிள்யூஏ என்றும் இருக்கும், ஆனால் அது படம் உங்கள் போனுக்கு வந்த நாள், எடுத்த நாள் இல்லை. 1985 இல் எடுத்த படத்தை யாராவது குடும்பக் குரூப்பில் 2020 இல் போட்டால் 2020 என்றுதான் நிற்கும். நான் அவற்றுக்குத் தனி ஃபோல்டர் மரம் வைத்திருக்கிறேன், வந்த மாதப்படி. காலை வணக்கப் பூக்களையும் அங்கேயே விட்டுவிட்டேன், யார் உட்கார்ந்து பொறுக்குவது?

கூகிளில் இருப்பதை, அதன் டேக்அவுட் என்ற தரவிறக்க வசதி மூலம் இறக்கினால் ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் ஒரு ஜேசன் ஃபைல் வரும். கூகிளுக்குள் நீங்கள் திகதியைத் திருத்தியிருந்தால் அந்தத் திருத்தம் அதற்குள்தான் இருக்கும், படத்துக்குள் இருக்காது. நீளமான பெயர்களை அது வெட்டிவிடுவதால் சோடி சேர்ப்பது கொஞ்சம் எரிச்சலான வேலை.

என்னை உண்மையில் சுற்றலில் விட்டது நேரம். படத்தின் எக்சிஃப் நேரம் கமரா மணிக்கூட்டின் உள்ளூர் நேரம், ஆனால் எம்பி4 வீடியோவுக்குள் இருப்பது யூடிசியாக, அதாவது இலங்கை நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் பின்னால் நிற்கும் உலகப் பொது நேரமாக, இருக்க வேண்டும் என்பது விதி. ஜனவரி 1 பிறந்து ஐந்து நிமிடத்தில் மொட்டைமாடியில் எடுத்த வெடி வீடியோ, யூடிசியில் டிசம்பர் 31 மாலை 6.35. படங்கள் 2018 ஜனவரியில், வீடியோ 2017 டிசம்பரில். அப்படியானால் எல்லா வீடியோவுக்கும் ஐந்தரை மணித்தியாலம் கூட்டிவிடலாமே என்று கூட்டினேன். சில கமராக்கள் விதியைப் பார்க்காமல் உள்ளூர் நேரத்தையே அந்த இடத்தில் எழுதுமாம், அவை ஐந்தரை மணித்தியாலம் முன்னால் ஓடிவிட்டன. கமரா மொடல் வாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் நேரம் தெரிந்த ஒரு வீடியோவைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

இலங்கைக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. 1996 மே மாதம் நேரத்தை யூடிசிக்கு ஆறரை மணித்தியாலம் முன்னால் தள்ளினார்கள், அதே ஒக்டோபரில் ஆறாக்கினார்கள், 2006 ஏப்ரல் 15 இல் மறுபடி ஐந்தரைக்கு வந்தது. யூடிசியிலிருந்து மாற்றும்போது ஐந்தரை என்று கையால் எழுதாமல் ஆசியா/கொழும்பு என்று கொடுத்தால் பைதானின் நேரவலயப் பகுதியான ஸோன்இன்ஃபோ இதையெல்லாம் தானே பார்த்துக்கொள்ளும். எங்கள் வீட்டுக் கமராவை அது பார்க்காது: சுவர் மணிக்கூட்டை அன்றைக்கே மாற்றிய அப்பா கமராவை மாற்றவில்லை, அது விற்கும்வரை அரை மணித்தியாலம் முன்னாலேயே ஓடியது.

அக்காவின் கலியாணம் 2007 செப்டம்பர், முகூர்த்தம் காலை 8.40. ரொறன்ரோவிலிருந்து வந்த மாமி கமரா நேரத்தை மாற்றவேயில்லை, அதனால் அவருடைய படங்களில் தாலிகட்டு முதல் நாள் இரவு 11.10க்கு நடக்கிறது, எங்களுடையதில் அந்த நேரம் பலகாரம் சுடுகிறார்கள். இதற்கு எக்சிஃப்டூலில் வழி இருக்கிறது, ஒரு ஃபோல்டரில் உள்ள எல்லாப் படத்தின் நேரத்தையும் ஒரே அளவால் நகர்த்தலாம். ஒன்பதரை மணித்தியாலம் கூட்டினேன், தாலி அதன் நேரத்துக்கு ஏறியது. பற்றரி செத்து 2000 ஜனவரி 1க்குப் போய்விட்ட கமராவுக்கும் இதே வைத்தியம்தான், நாள் உறுதியாகத் தெரிந்த ஒரு படம் காணும்: பின்னால் கிழிக்கிற கலண்டர் தெரிகிற படமோ, அழைப்பிதழ் கையில் இருக்கிற விழாவோ. ஆனால் பற்றரியை மறுபடி கழற்றிய இடத்தில் வித்தியாசம் மாறிவிடும், ஃபைல் இலக்கத்தின் வரிசையைப் பார்த்து அங்கே வெட்டிப் பிரியுங்கள்.

டூப்ளிகேட்டை ஹாஷ் பார்த்து நீக்கலாம், அதில் பெரிய வித்தை இல்லை. பெயரை மட்டும் நம்பாதீர்கள், கமரா 9999 வரை எண்ணிவிட்டுத் திரும்ப 0001க்கு வரும்.

மிச்சம் "திகதி தெரியாதவை". என்னிடம் இப்போது நானூறு சொச்சம் நிற்கிறது. ஞாயிறு பின்னேரம் தேத்தண்ணியோடு அம்மாவை மொனிட்டருக்கு முன்னால் இருத்தி இருபது படம் காட்டுவேன். கமரா 2004 என்று அடித்துச் சொன்ன ஒரு முழு ஃபோல்டரை "அந்தப் பச்சைச் சாரி சுனாமிக்குப் பிறகு வாங்கினது" என்று ஒரே வசனத்தில் தள்ளிவிட்டார், அலுமாரியிலிருந்து சாரிக்கடைப் பில்லையும் எடுத்து வந்தார், 2005 மார்ச். சில படங்களுக்கு வருடம் மட்டும்தான் வரும். எக்சிஃபுக்கு முழுத்திகதி வேண்டும், ஆகவே ஜனவரி 1 என்று பொய் எழுதாமல், வருடத்தோடு மட்டும் நிற்கவிடுகிற எக்ஸ்எம்பி என்ற இன்னொரு தகவல் வடிவத்தில் எழுதுகிறேன். போன கிழமை ஒரு சாமத்தியவீட்டுப் படம், பிள்ளை யாரென்றே அம்மாவுக்குப் பிடிபடவில்லை, பின்னால் நிற்கிற வாடகைக் கதிரைகள் மட்டும் கொட்டாஞ்சேனை மண்டபத்தினுடையவை என்கிறார். அதை அப்படியே சிஎஸ்வியில் எழுதி வைத்திருக்கிறேன்.