மருத்துவர் பதில்: சுட்ட பூசணியும் மஞ்சளான உள்ளங்கையும்

கேள்வி: என் மகனுக்கு நான்கரை வயது. மஞ்சள் பூசணியை வேகவைத்து மசித்துக் கொடுத்தால் வாயில் வைத்ததும் துப்பிவிடுவான். இரண்டு மாதமாகத் துண்டு போட்டு ஓவனில் சுட்டுத் தருகிறேன். தினமும் சாப்பாட்டுடன் ஒரு கிண்ணம் காலியாகிறது. ஆனால் இப்போது அவன் உள்ளங்கையும் மூக்கு நுனியும் மஞ்சளாகத் தெரிகின்றன. மஞ்சள் காமாலையாக இருக்குமோ என்று மாமியார் பயப்படுகிறார். சுட்டால் சத்து போய்விடும் என்றும் சொல்கிறார்கள். பத்து மாதப் பெண் குழந்தையும் இருக்கிறாள். அவளுக்கும் இதையே கொடுக்கலாமா?

பதில்: இதைப் படித்து முடிப்பதற்குள் ஒரு காரியம் செய்துவிடுங்கள். பகல் வெளிச்சத்தில் பையனை ஜன்னலோரம் நிறுத்தி மேலே பார்க்கச் சொல்லுங்கள். கீழ் இமையை லேசாக இறக்கி, விழியின் வெள்ளைப் பகுதியைப் பாருங்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் பார்க்க வேண்டாம், ஏமாற்றும்.

வெள்ளை வெள்ளையாகவே இருக்கிறதா? சிறுநீர், மலத்தின் நிறம் வழக்கம்போல இருக்கின்றனவா? பையன் ஓடி ஆடிக்கொண்டிருக்கிறானா? அப்படியானால் இது பெரும்பாலும் காமாலை இல்லை. பூசணியில் உள்ள பீட்டா கரோட்டின் என்ற நிறமிதான் தோலில் தெரிகிறது. கரோட்டினீமியா என்று சொல்வோம். காமாலையில் ரத்தத்தில் ஏறும் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி விழி வெண்படலத்தில் படியும். கரோட்டின் அங்கே படியாது. உள்ளங்கை, உள்ளங்கால், மூக்கைச் சுற்றி என்று தோல் தடித்த இடத்திலும் வியர்வை அதிகம் சுரக்கும் இடத்திலும்தான் அது முதலில் தெரியும். தினமும் நிறையச் சாப்பிட்டால் நிறம் மாறச் சில வாரங்கள் பிடிக்கும். உங்கள் கணக்கில் இரண்டு மாதம், பொருந்தித்தான் வருகிறது.

விழி மஞ்சளாக இருந்தாலோ, சிறுநீர் கரும் தேநீர் போலப் போனாலோ, மலம் வெளிறினாலோ, காய்ச்சலும் வாந்தியும் சேர்ந்தாலோ, மேற்கொண்டு படிக்காதீர்கள். இன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.

இந்த மஞ்சளால் கல்லீரலுக்கு ஒன்றும் ஆகாது. வைட்டமின் ஏ மிஞ்சிப் போய் விஷமாகிவிடுமோ என்ற பயமும் வேண்டாம். காய்கறியில் இருப்பது வைட்டமின் ஏ-வாக மாறக்கூடிய மூலப்பொருள். உடல் தனக்கு வேண்டிய அளவைத்தான் மாற்றிக்கொள்ளும், மீதி தோலில் தங்கும். மீன் ஈரல் எண்ணெய் மாத்திரை, வைட்டமின் ஏ சொட்டு மருந்து இவற்றில் இருப்பது ஏற்கெனவே மாறிய வடிவம். அதை அதிகமாகக் கொடுத்தால்தான் ஆபத்து. பூசணியோடு அப்படி ஏதாவது டானிக்கும் கொடுத்துக்கொண்டிருந்தால், பூசணி இருக்கட்டும், முதலில் அந்தப் பாட்டிலின் லேபிளைப் படியுங்கள்.

ஒரு கணக்கு சொல்கிறேன். 100 கிராம் சுட்ட பட்டர்நட் வகைப் பூசணியில் சுமார் 40 கலோரிதான். ஆனால் அதிலிருந்து 500 மைக்ரோகிராமுக்கு மேல் வைட்டமின் ஏ கிடைக்கும். 4 முதல் 8 வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்குத் தேவை 400 மைக்ரோகிராம். தினமும் முழுக் கிண்ணம் தேவையே இல்லை. வாரத்தில் இரண்டு மூன்று நாள், அரைக் கிண்ணம் போதும். நிறம் சில வாரங்களில் மெதுவாக மங்கும், முழுதும் போகச் சில மாதம்கூட ஆகலாம். குறைத்துக் கொடுத்தும் மஞ்சள் அப்படியே இருந்தால், அல்லது பையன் சோர்ந்து, மலச்சிக்கலுடன், வயதுக்கேற்ற உயரம் கூடாமல் இருந்தால், தைராய்டு பரிசோதனை ஒன்று செய்துவிடலாம். தைராய்டு மந்தமாக இருந்தாலும் கரோட்டின் ரத்தத்தில் தேங்கும்.

சரி, சுட்டால் சத்து போகுமா? வைட்டமின் சி கொஞ்சம் குறையும். ஆனால் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டினால் இழப்பு இன்னும் கூடுதல். கரோட்டின் சூட்டை ஓரளவு நன்றாகவே தாங்கும். வெந்து செல்சுவர் இளகும்போது குடல் அதை உறிஞ்சுவது இன்னும் சுலபமாகிறது. கூடவே கொஞ்சம் கொழுப்பு இருக்க வேண்டும், கரோட்டின் எண்ணெயில் கரையும் பொருள். ஆகவே எண்ணெயில் புரட்டிச் சுடுவது சத்து விஷயத்திலும் நல்ல முறைதான்.

உங்கள் பையன் துப்பியது பூசணியின் ருசிக்காக இருக்காது, அந்தக் கொழகொழப்புக்காக இருக்கும். இந்த வயதில் பல குழந்தைகள் வாயில் எப்படிப்படுகிறது என்பதை வைத்தே ஒரு உணவை முடிவு செய்கிறார்கள். சுடும்போது நீர் வற்றுகிறது, ஓரம் முறுகுகிறது, இனிப்பு திரண்டு தெரிகிறது. கையில் எடுத்துக் கடிக்க ஒரு வடிவமும் கிடைக்கிறது.

இரண்டு சென்டிமீட்டர் துண்டுகள், அரைக் கிலோவுக்கு ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், 200 டிகிரி செல்சியஸ், 25 முதல் 35 நிமிடம், நடுவில் ஒரு தடவை புரட்டல். துண்டுகள் ஒன்றன் மேல் ஒன்று விழாமல் தட்டில் இடைவெளி விட்டுப் பரப்புங்கள். அவசரத்தில் இரண்டு தட்டுக்கானதை ஒரே தட்டில் குவித்துவிட்டு, ஏன் முறுகவில்லை என்று நானே ஓவன் கதவைத் திறந்து திறந்து பார்த்திருக்கிறேன். குவித்தால் துண்டுகள் தங்கள் நீராவியிலேயே வெந்து, பையன் துப்பிய அதே பக்குவத்துக்குத்தான் வரும். சர்க்கரை, தேன் எதுவும் வேண்டாம், சுட்ட இனிப்பே போதும். பட்டையை ஒரு சிட்டிகை தூவினால் வாசனையாக இருக்கும்.

வெட்டும்போது கவனம். தோல் கடினமான பூசணியில் கத்தி வழுக்கும். முழுக் காயை நாலைந்து இடத்தில் குத்திவிட்டு மைக்ரோவேவில் இரண்டு மூன்று நிமிடம் வைத்தால் தோல் இளகும். பட்டர்நட்டைச் சீவியதும் சிலருக்குக் கையில் பசை காய்ந்தது போலத் தோல் இறுகி உரியும். காயின் சாறு தோலில் பட்டு வருவது அது. கையுறை போட்டுக்கொண்டால் தீர்ந்தது.

இன்னொன்று, இதைத் தவறவிடாதீர்கள். தட்டில் போடுவதற்கு முன் ஒரு துண்டை நீங்கள் ருசி பாருங்கள். கசந்தால் மொத்தத்தையும் குப்பையில் போடுங்கள். பூசணி இனத்தில் சில காய்களில் குக்குர்பிட்டசின் என்ற கசப்புப் பொருள் மிகுந்துவிடும். சமைத்தாலும் அது அழியாது, கடும் வாந்தி பேதி வரும். மசாலா போட்டுக் கசப்பை மறைத்துக் குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. அழகுக்கு வைக்கும் சின்னப் பூசணிகளையும் சமைக்காதீர்கள்.

பத்து மாதக் குட்டிக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். அவளுக்கு மட்டும் தோல் சீவி, விரல் நீளத்துக்கு வெட்டி, உப்புப் போடுவதற்கு முன் தனியாகச் சுட்டு எடுத்துவிடுங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்தினால் நசுங்க வேண்டும். முறுகிய ஓரத்தை வெட்டி அண்ணனுக்குப் போடுங்கள், சந்தோஷப்படுவான். ஒரு வயது நிறையும்வரை தேன் ஒரு துளிகூட வேண்டாம், பாட்டுலிசம் என்ற நோயை உண்டாக்கும் கிருமி அதில் இருக்க வாய்ப்புண்டு. முழு விதை இரண்டு பேருக்குமே இப்போது கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். சாப்பிடும்போது உட்கார வைத்து, பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும்.

பூசணியில் இரும்புச்சத்தும் புரதமும் குறைவு. அது துணை உணவுதான். பருப்போ முட்டையோ இறைச்சியோ இருக்க வேண்டிய இடத்தை அதை வைத்து நிரப்பாதீர்கள்.

பூசணி இல்லாத நாளில் பையன் கேட்டு அழுவான், தெரியும். அன்றைக்கு அதே தட்டு, அதே எண்ணெய், அதே சூட்டில் காலிஃபிளவரையோ உருளைக்கிழங்கையோ சுட்டுக் கொடுங்கள். கேரட்டும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் இப்போதைக்கு வேண்டாம், அவற்றிலும் இதே நிறமிதான். காலிஃபிளவரை முதல் நாள் தொடவில்லை என்றால் விட்டுவிடுங்கள், கெஞ்சவும் வேண்டாம், மிட்டாய் காட்டவும் வேண்டாம். புதிய காய் ஒன்று பழகப் பத்துப் பதினைந்து தடவை தட்டில் வந்து போக வேண்டியிருக்கும். நாலு நாள் கழித்து இரண்டு துண்டு மறுபடி வையுங்கள்.