1952-57 சென்னை மாநில சட்டப்பேரவையில் மொத்தம் எத்தனை உறுப்பினர்கள்? 375, 376, 231, 190 என்று இடத்துக்கு ஒரு எண் இருக்கிறதே, எது சரி?

நான்குமே சரிதான். தேதி சேர்க்காமல் எழுதுவதால்தான் குழப்பம்.

1952 ஜனவரியில் நடந்த தேர்தலில் நிரப்ப வேண்டிய இடங்கள் 375. ஆங்கிலோ இந்தியர் சார்பில் நியமன உறுப்பினர் ஒருவர் சேர்ந்ததால் 376. 1953 அக்டோபர் 1-ல் ஆந்திரா பிரிந்தது; அந்தப் பகுதியின் 140 பேர் புதிய ஆந்திர சட்டமன்றத்துக்குப் போனார்கள். அதே நாளில் பெல்லாரியின் கன்னடப் பகுதி மைசூரோடு இணைந்ததில் இன்னும் 5 பேர் குறைந்தார்கள். நியமன உறுப்பினரையும் சேர்த்து மீதி 231. 1956 நவம்பர் 1-ல் மலபார் கேரளத்துக்கும் தென் கன்னட மாவட்டத்தின் பெரும்பகுதி மைசூருக்கும் போனபின் 190.

அதே நாளில் கன்னியாகுமரியும் செங்கோட்டையும் இங்கே வந்தனவே, எண் ஏன் கூடவில்லை என்று கேட்பார்கள். திருவிதாங்கூர்-கொச்சி அப்போது குடியரசுத் தலைவர் ஆட்சியில் இருந்தது, அதன் சட்டமன்றம் ஏற்கெனவே கலைக்கப்பட்டிருந்தது. நிலம் வந்தது, கூடவே வர உறுப்பினர் யாரும் இல்லை. 1957 தேர்தல் வரை அந்தப் பகுதிக்குச் சென்னைப் பேரவையில் ஆளே கிடையாது. மலபார் உறுப்பினர்கள் நிலை இதற்கு நேர் எதிர்: சென்னையில் இடம் போயிற்று, கேரளத்திலோ 1957 தேர்தல் முடியும்வரை போய் உட்கார ஒரு சட்டமன்றமே இல்லை.

இந்தப் பேரவையின் உறுப்பினர் பட்டியல் தொகுப்பவர்கள் முதலில் வழுக்கி விழுவது தொகுதி எண்ணிக்கையில். 375 இடங்களுக்குத் தொகுதிகள் 309 மட்டுமே. 243 தொகுதிகளில் ஒவ்வொரு உறுப்பினர். 66 தொகுதிகளில் இரண்டிரண்டு. அந்த 66-ல் 62-ல் ஓர் இடம் தாழ்த்தப்பட்டோருக்கு, 4-ல் ஓர் இடம் பழங்குடியினருக்கு. ஒரு தொகுதிக்கு ஒரு வரி என்று அட்டவணை போட்டால் 66 பேர் காணாமல் போவார்கள்.

இரட்டைத் தொகுதியில் ஒருவர் 'தனி', மற்றவர் 'பொது' என்று கண்ணை மூடிக்கொண்டு குறிப்பதும் தவறு. தனிப் பிரிவு வேட்பாளர்களில் அதிக வாக்கு பெற்றவருக்கு முதலில் ஒதுக்கீட்டு இடம். மீதமுள்ள எல்லோரிலும் முந்தியவருக்கு மற்ற இடம். அந்த இரண்டாமவரும் தனிப் பிரிவைச் சேர்ந்தவராக இருக்கத் தடையில்லை. 1957 மக்களவைத் தேர்தலில் பார்வதிபுரத்தில் வி.வி.கிரி தோற்றது இப்படித்தான். உச்ச நீதிமன்றம் வரை போயும் முடிவு மாறவில்லை. 1961-ல் தனிச் சட்டம் போட்டு இந்த முறையை ஒழித்தார்கள். அதனால் 1962-லிருந்து பட்டியல் போடுவது எளிது.

அடுத்தது, இல்லாத பெயரைத் தேடுவது. முதலமைச்சர் ராஜாஜியைப் பேரவைப் பட்டியலில் தேடாதீர்கள். அவர் தேர்தலில் நிற்கவில்லை. ஆளுநர் ஸ்ரீபிரகாசா மேலவைக்கு நியமித்தார். 1954 ஏப்ரல் 13-ல் பதவியேற்ற காமராஜரும் அன்று பேரவை உறுப்பினர் இல்லை, ஸ்ரீவில்லிபுத்தூர் மக்களவை உறுப்பினர். உறுப்பினராக இல்லாத அமைச்சருக்கு அரசமைப்பின் 164-வது பிரிவு ஆறு மாதம் அவகாசம் தருகிறது. அதற்குள் குடியாத்தம் இடைத்தேர்தலில் வென்று வந்தார். திமுக 1952-ல் போட்டியிடவே இல்லை, அதனால் அண்ணாவை 1957 பட்டியலில்தான் பார்க்க முடியும்.

அட்டவணையில் கட்சிப் பத்தியை (நெடுவரிசையை) இரண்டாகப் பிரித்துவிடுங்கள்: தேர்தலில் நின்ற கட்சி, பிறகு இருந்த கட்சி. காங்கிரசுக்குக் கிடைத்தது 152, பெரும்பான்மைக்கு 36 குறைவு. கம்யூனிஸ்டுகள் 62, கிசான் மஸ்தூர் பிரஜா கட்சி 35, உழைப்பாளர் கட்சி 19, காமன்வீல் கட்சி 6, சுயேச்சைகள் 62, மீதி சிறு கட்சிகளுக்கு. ஆனால் 1952 ஜூலை 3 நம்பிக்கை வாக்கெடுப்பில் அரசுக்கு விழுந்தது 200, எதிராக 151. காமன்வீல் தலைவர் மாணிக்கவேலு நாயக்கர் ராஜாஜி அமைச்சரவையிலும், உழைப்பாளர் கட்சியின் ராமசாமி படையாச்சி பின்னால் காமராஜர் அமைச்சரவையிலும் சேர்ந்தார்கள். கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தது 1985-ல்தான்; அன்று யாருக்கும் பதவி பறிபோகவில்லை. ஒரே கட்சிப் பத்தியை வைத்துக்கொண்டு 152 எப்படி 200 ஆனது என்று விளக்க முடியாது.

ஒவ்வொருவருக்கும் சேர்ந்த நாள், விலகிய நாள், காரணம் என்று மூன்று கட்டங்கள் கட்டாயம் வேண்டும். இடைத்தேர்தல் வந்தால் பழைய பெயரை அழித்து எழுதாமல் புது வரி சேர்க்க வேண்டும். காரணத்தில் மரணம், ராஜினாமா ஆகியவற்றோடு 'மாநிலப் பிரிப்பு' என்றும் ஒரு வகை வேண்டும். எதிர்க்கட்சித் தலைவராக இருந்த நாகி ரெட்டி 1953-ல் போனது அதனால்தான். அந்த இடத்துக்கு பி.ராமமூர்த்தி வந்தார். பேரவைத் தலைவர் பதவியும் தப்பவில்லை. சிவசண்முகம் பிள்ளைக்குப் பிறகு 1955 செப்டம்பரில் வந்த கோபால மேனன் மலபார்க்காரர். உறுப்பினர் பதவி போனால் தலைவர் பதவியும் போகும் என்பதால் 1956 நவம்பர் 1-ல் அவர் நாற்காலி காலியானது.

கூட்டத்தொடர் விவரத்தில் மூன்று சொற்களைக் கலந்துவிடாதீர்கள். ஒரு நாள் கூடிக் கலைவது அமர்வு. ஆளுநர் அழைத்ததிலிருந்து அவரே முடித்து வைக்கும்வரை நடப்பது கூட்டத்தொடர். 'தேதி குறிப்பிடாமல் ஒத்திவைப்பு' பேரவைத் தலைவர் செய்வது, அதோடு கூட்டத்தொடர் முடிந்துவிடாது. நாளிதழ்ச் செய்தியை மட்டும் வைத்து எண்ணினால் ஒரு தொடரை இரண்டாக எண்ணிவிட வாய்ப்பு அதிகம். ஒரு தொடரின் கடைசி அமர்வுக்கும் அடுத்த தொடரின் முதல் அமர்வுக்கும் நடுவே ஆறு மாதம் போகக் கூடாது என்பது 174-வது பிரிவு. உங்கள் அட்டவணையில் அதைவிடப் பெரிய இடைவெளி தெரிந்தால் ஒரு தொடரை விட்டுவிட்டீர்கள் என்று பொருள்.

தொடக்கத் தேதியிலும் கவனம் வேண்டும். பேரவை அமைக்கப்பட்டது 1952 மார்ச் 1, ராஜாஜி பதவியேற்றது ஏப்ரல் 10, முதல் அமர்வு மே 3, பேரவைத் தலைவர் தேர்வு மே 6. ஐந்தாண்டு ஆயுளை எண்ண வேண்டியது முதல் அமர்விலிருந்து. இந்தப் பேரவை 1957 மார்ச் 31-உடன் முடிந்தது, ஆக முழு ஐந்தாண்டு ஓடவில்லை.

இடம் பற்றி ஒரு வரி: இந்தப் பேரவை கூடியது கோட்டையில் அல்ல, அரசினர் தோட்டத்தில் புதிதாகக் கட்டிய மண்டபத்தில். அதுதான் பின்னாளில் பால அரங்கம், பிறகு கலைவாணர் அரங்கம். 1957 ஏப்ரல் 29-ல் கூடிய அடுத்த பேரவைதான் புனித ஜார்ஜ் கோட்டைக்குப் போனது.